பதினாலாவது பதிவு

அந்தக் குரலைக் கேட்ட மாத்திரத்தில் ஹரிதாவின் கையிலிருந்த டப்பா மூடி நழுவியது. கேண்டீன் தரையில் கடகடவென்று உருண்டு, அடுத்த மேஜைக்காரர் செருப்பில் முட்டி நின்றது. அதைப் போய் எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. இயர்போனைக் காதுக்குள் இன்னும் அழுத்திக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"கோந்தே, நான் மாட்டுங்காலேர்ந்து பேசறேன். நீ யாரு என்னன்னு ஒண்ணும் தெரியாது. செம்பூர் அம்மு அனுப்பித் தந்தா. எனக்குத் தமிழ் வாசிக்க வராது, மலையாளமாக்கும் படிச்சது. அதனால அந்தக் கேக்கற பட்டனை அமுக்கிண்டு கேக்கறேன். ஜோரா எழுதறே. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? அந்த மாமி பாவம். அவகிட்டே மறைக்காதே, சொல்லிடு. அவளுக்குன்னு பேச வேண்டியது, செய்ய வேண்டியது நாலு இருக்காதா? வெச்சுடறேன், என்ன?"

முப்பத்தொன்பது விநாடி. சந்தேகத்துக்கு இடமே இல்லை. தினமும் காலையில் 'காப்பியா, கழனித் தண்ணியா இது?' என்று கேட்கிற அதே குரல். மாமியார் சுப்புலக்ஷ்மியின் குரல்.

அவர் இரக்கப்பட்ட அந்த மாமி வேறு யாருமில்லை, அவரேதான்.

ஹரிதா எழுந்து போய் மூடியை எடுத்து வந்தாள். முக்கால்வாசிச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தாள்.

விக்ரோலியில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் அவளுக்குக் கணக்கெழுத்து வேலை. வேலை பிடித்ததோ இல்லையோ, மத்தியானம் ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை கேண்டீனின் மூலை மேஜை மட்டும் அவளுக்குச் சொந்தம். அந்த அரை மணியில்தான் வலைப்பூ எழுதினாள். 'வேணி' என்று புனைபெயர், டோம்பிவிலி என்று பொய் ஊர். வீட்டில் ஏதோ சமையல் குறிப்பு எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டரை மாதத்துக்கு முன்னால் டாக்டர் அவளையும் கணவன் ஷ்ரவணையும் மட்டும் தனியே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். கணையத்தில் புற்று. எழுபத்தொரு வயசு, கூடவே சர்க்கரை. அறுப்பதும் வேண்டாம், கீமோவும் வேண்டாம். நாலு மாதம், மிஞ்சினால் ஆறு. வெளியே வந்ததும் ஷ்ரவண் சுவரில் சாய்ந்துகொண்டு, "அம்மாவுக்குத் தெரியக் கூடாது ஹரிதா. கஸம் ஸே, சத்தியமா. தெரிஞ்சா அன்னிக்கே போயிடுவா" என்றான். அல்சர் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து துடைப்பது, குளிப்பாட்டுவது, மாத்திரையின் பேரைச் சுரண்டிவிட்டுக் கொடுப்பது, சிரித்த முகமாக இருப்பது எல்லாம் ஹரிதா தலையில்.

யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. அவள் திருநெல்வேலி ஜங்ஷனில் பிறந்து பன்னிரண்டு வரை தமிழிலேயே படித்தவள். ஷ்ரவண் பம்பாயிலேயே வளர்ந்தவன். தமிழில் சண்டை போடுவான், கடைப் பலகை வாசிக்கத் தெரியாது. மாமியார் பாலக்காட்டுக்காரி. ஆக, தமிழில் எழுதி வைத்தால் அந்த வீட்டைப் பொறுத்தவரை இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிய மாதிரி. திரையை விரியத் திறந்து சோபாவில் போட்டுவிட்டுப் போனாலும் பயமில்லை.

அந்தப் பெட்டியின் சாவியை வெளியே எறிந்தது அவளேதான்.

வலைப்பூத் தளத்தை நடத்துகிறவர்கள் மூன்று வாரம் முன்பு ஒரு அறிவிப்பு அனுப்பியிருந்தார்கள். 'தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத லட்சக்கணக்கானோரைச் சென்றடையுங்கள்! உங்கள் பதிவுகளை இனி அவர்கள் கேட்கலாம்.' கீழே ஒரு பொத்தான். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகளை நினைத்துக்கொண்டு ஹரிதா அதை அமுக்கினாள். கேட்கும் வசதி வந்தது, அதன் பக்கத்திலேயே வாட்ஸ்அப்பில் பகிரும் பச்சைப் பொத்தான் வந்தது, குரலிலேயே பின்னூட்டம் போடும் வசதியும் வந்தது. தொள்ளாயிரமாக இருந்த வாசகர் எண்ணிக்கை மூன்றே வாரத்தில் நாலாயிரத்து இருநூறு ஆயிற்று. அப்படி வாசிக்கத் தெரியாத தமிழர் இரண்டு பேர் தன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பது அன்றைக்கு அவளுக்கு உறைக்கவே இல்லை.

சரி, பதறிப் பயனில்லை. யோசி.

பின்னூட்டம் பதினோராவது பதிவுக்கு வந்திருந்தது. அதுவரை மாமியார் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பார்? வலைப்பூவில் வருகிற மாமி தஞ்சாவூர்க்காரி, ஓய்வு பெற்ற டீச்சர். மொத்தம் பதினாறு பதிவு. மீதி ஐந்தையும் ஹரிதா சல்லடை போட்டுத் தேடினாள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினைந்து, பதினாறு சுத்தம். பதினாலில் விரல் நின்றது.

அல்சரன்.

சுப்புலக்ஷ்மி தன் வயிற்று வலிக்கு வைத்த பேர் அது. டாக்டர் அல்சர் என்றதும், 'அல்சரனா? எந்த ஊர்க்காரனாம்?' என்று கேட்டவர், அன்றிலிருந்து அவனை வேண்டாத மாப்பிள்ளை மாதிரி நடத்தினார். 'அல்சரன் இன்னிக்குக் கோச்சுண்டிருக்கான்.' 'அல்சரனுக்கு மோர் வேணுமாம்.' உலகத்தில் வேறு எந்த மாமியும் சொல்லாத வார்த்தை. பேர், ஊர், ஜில்லா எல்லாவற்றையும் மாற்றிய ஹரிதாவுக்கு, இதை மட்டும் விட மனசு வரவில்லை. அந்தப் பதிவைத்தான் எண்ணூறு பேர் பகிர்ந்திருந்தார்கள்.

அதே பதிவின் கடைசியில் இன்னொரு வாக்கியம் இருந்தது. 'சில சாயங்காலங்களில் லிஃப்டில் ஏறும்போது, நான் கதவைத் திறக்கையில் உள்ளே எல்லாம் முடிந்திருந்தால் தேவலை என்று தோன்றுகிறது.'

அந்த வாக்கியத்தை அவளால் இரண்டாம் தடவை வாசிக்க முடியவில்லை. இரண்டையும் அழித்தாள். 'புதுப்பி' என்பதை அமுக்கினாள். பதிவு புதுப்பிக்கப்பட்டது என்று பச்சையாக வந்தது. நெஞ்சு கொஞ்சம் தணிந்தது.

வலைப்பூவையே மொத்தமாக அழித்திருக்கலாம். அந்த நினைப்பு வரத்தான் செய்தது. நாலாயிரத்து இருநூறு என்கிற எண்ணைப் பார்த்தாள். திரையை அணைத்துவிட்டுச் சீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஏழரைக்கு வீட்டுக்குள் நுழையும்போதே குரல் வந்தது.

"ஹரிதா, வா வா. உன்கிட்டே ஒரு கதை சொல்லணும்னு காத்துண்டிருக்கேன்."

சாய்வு நாற்காலியில் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சுப்புலக்ஷ்மி உட்கார்ந்திருந்தார். கன்னம் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. ஷ்ரவண் எதிரே லாப்டாப்பும் தானுமாக இருந்தான்.

"என்ன கதைம்மா?" என்றாள் ஹரிதா, பையை ஆணியில் மாட்டிக்கொண்டே.

"கதைன்னா கதை இல்லை, நெஜமாக்கும். டோம்பிவிலியில ஒரு பொண்ணு. அவ மாமியாருக்கு அந்த வியாதி. டாக்டர் நாளைக் குறிச்சுக் குடுத்துட்டார். வீட்டுல ஒருத்தரும் அவகிட்டே மூச்சு விடலை கேட்டியோ! வயத்துல ஏதோ சின்னக் கோளாறுன்னு சொல்லி வெச்சிருக்கா. அதுவும் நம்பிண்டு உக்காந்திருக்கு, பாவம்."

ஷ்ரவணின் விரல்கள் லாப்டாப்பில் அப்படியே நின்றன. முகம் வெளுத்தது. "அரே, என்னம்மா இது பக்வாஸ். இந்த சோக ஸ்டோரி எல்லாம் யார் அனுப்பறா உனக்கு? பஜன் போட்டுக் கேளேன்."

"பஜன்ல அடுத்தது என்ன வரும்னு எனக்குத் தெரியும்டா. இதுல தெரியலை."

"டென்ஷன் ஆயிடும்மா. டாக்டர் என்ன சொன்னார்? அல்சர்க்கு டென்ஷன் ஆகாது."

"அல்சரன் மத்தியானம் பூரா நன்னாத் தூங்கினான். இப்பத்தான் எழுந்துண்டு உதைக்கறான்" என்றார் சுப்புலக்ஷ்மி. ஷ்ரவண் சிரித்தான், தேவைக்கு மேலேயே சத்தமாக. ஹரிதாவும் சிரித்தாள்.

மாத்திரை கொடுக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள். "அம்மா, அந்தப் பொண்ணு எழுதறது போருமே. கேட்டா மனசு கெட்டுப் போகும்."

"மனசு கெட்டுப் போறதாவது! எனக்குத் தைரியமாயிருக்குடி" என்று மாத்திரையை முழுங்கினார் மாமியார். "நான் நெனச்சுப்பேன். என் வீட்டுல எல்லாரும் என்கிட்டே நெஜத்தைச் சொல்றா. அந்த மாமிக்கு அந்தக் குடுப்பினைகூட இல்லை பாரு."

ஹரிதா தண்ணீர் டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

"பன்னெண்டு முடிச்சிருக்கேன்" என்றார் சுப்புலக்ஷ்மி. "இன்னிக்குப் போரும். பாக்கி நாளைக்கு."

மறுநாள் பகல் பன்னிரண்டே முக்கால் இருக்கும். சீட்டில் உட்கார்ந்திருந்த ஹரிதாவுக்கு என்னவோ உறுத்தியது. பதினாலாவது பதிவைத் திறந்தாள். எழுத்தில் அல்சரன் இல்லை, கடைசி வாக்கியமும் இல்லை. சரி, ஒரு தடவை கேட்டும் பார்த்துவிடலாமே என்று பட்டனை அமுக்கிக் கொஞ்சம் தள்ளி ஓடவிட்டாள்.

செய்தி வாசிப்பவள் மாதிரி ஒரு எந்திரக் குரல், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னது: "அல்சரனுக்கு இன்று மோர் வேண்டுமாம்."

தூக்கிவாரிப் போட்டது ஹரிதாவுக்கு.

எழுத்தைத் திருத்தினால் குரல் தானாகத் திருந்தாது. முதல் தடவை வாசித்து வைத்ததையே அது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு பொத்தான் இருந்தது: 'மீண்டும் குரலாக்கு. இருபத்து நாலு மணி நேரம் ஆகலாம்.'

புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தாள். இப்போது கேட்பவர்கள்: துபாய் இரண்டு. கோலாலம்பூர் ஒன்று. மும்பை ஒன்று. மும்பைக்காரர் பதின்மூன்றாவது பதிவில் தொண்ணூற்றாறு சதவீதத்தில் இருந்தார். தொண்ணூற்றேழு. அது முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். அந்த வசதியையும் அவள்தான் போட்டு வைத்திருந்தாள்.

'பதிவை நீக்கு' என்பதைத் தேடி அமுக்கினாள். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாக. சக்கரம் சுற்றியது, சுற்றியது, கடைசியில் பதில் வந்தது: 'பதிவு நீக்கப்பட்டது. ஏற்கெனவே கேட்கத் தொடங்கிவிட்டவர்கள் முழுவதும் கேட்கலாம்.'

மும்பை, ஒன்று. பதினாலாவது பதிவு, இரண்டு சதவீதம்.

மாமியாருக்குப் போன் போட்டாள். இரண்டு மணி அடித்துத் துண்டானது. மறுபடி. மறுபடியும் துண்டிப்பு. கதை கேட்கிற சுவாரசியத்தில் மருமகள் அழைப்பை வெட்டிவிடுகிறார்! தலைவலி என்று மேனேஜரிடம் பொய் சொல்லிவிட்டு, ஸ்டேஷனுக்கு ஓடிக்கொண்டே ரீனாவைக் கூப்பிட்டாள். ரீனா தாராவியிலிருந்து வந்து பகலில் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவள்.

"ரீனா, அம்மா கையிலேர்ந்து ஃபோனை வாங்கு."

"எதுக்குக்கா?"

"கேக்காதே, வாங்கு!"

"குடுக்க மாட்டாவக்கா. காதுல மாட்டிக்கிட்டு கண்ண மூடிட்டு கெடக்காவ. இப்பதான் மோர் கொண்டு போனேன், கையக் காட்டி போ போன்னுட்டாவ."

"அப்போ நெட்டை அணை. டிவி பக்கத்துல ஒரு கறுப்பு டப்பா, பச்சை லைட் எரியும். அதோட சுவிட்சை அணை."

போன் வழியே சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அணைச்சிட்டேங்க்கா. டிவியுங்கூட போயிட்டு. என் சீரியலு..."

ஹரிதா போனை வைத்துவிட்டு, நகர ஆரம்பித்திருந்த ஸ்லோ லோக்கலின் பெண்கள் பெட்டியில் தொற்றி ஏறினாள்.

கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். பன்னிரண்டு சதவீதம். காட்கோபர் வந்தது. பன்னிரண்டு. நின்றுவிட்டது. வித்யாவிஹார் வந்தது, அப்போதும் பன்னிரண்டு. பூப்போட்ட சல்வாரில் ஒரு பெண் அவளையே உற்றுப் பார்த்துவிட்டு, "தபியத் டீக் ஹை?" என்று உடம்பு விசாரித்தாள். ஹரிதா தலையை ஆட்டினாள். ரீனா, நீ நன்றாயிருப்பாய். வீட்டுக்குப் போனதும் போனை எப்படியாவது வாங்கி, அந்தப் பக்கத்தை மூடி, பழுதாகிவிட்டது என்று சொல்லி...

குர்லாவை நெருங்கும்போது எண் குதித்தது. முப்பத்து நாலு.

வீட்டு இணைப்பு போனதும் போன் தன் சொந்த இணைப்பைத் தேடிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நின்ற குரல் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தக் கணக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது.

பதினோரு நிமிடப் பதிவு. அல்சரன் வருவது நாலாவது நிமிடத்தில்.

முப்பத்து நாலு முப்பத்தொன்று ஆயிற்று. பிறகு முப்பத்து நாலு. மறுபடி முப்பத்தொன்று. யாரோ ஒரே இடத்தை ஓடவிட்டு, பின்னால் இழுத்து, மறுபடி ஓடவிடுகிறார்கள். மூன்றாவது தடவையும் இழுத்தார்கள். குர்லா ஸ்டேஷன் கூட்டம் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறியது. இறங்கி எங்காவது ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ரயில் கிளம்பிவிட்டது.

அதற்கப்புறம் எண் பின்னால் போகவே இல்லை. சீராக ஏறியது. சயான் தாண்டியபோது எண்பத்தெட்டு. மாட்டுங்கா நடைமேடையில் அவள் கால் வைத்தபோது நூறு.

கேட்பவர்கள் பட்டியலில் மும்பை இல்லை.

கதவைத் திறந்த ரீனா, "நெட்ட மறுபடி போட்டுட்டேங்க்கா, மாமிதான் போடச் சொன்னாவ" என்றாள். ஹரிதாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விலகி வழி விட்டாள்.

சுப்புலக்ஷ்மி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். யார் உதவியும் இல்லாமல் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும், நெற்றி வேர்த்திருந்தது. போன் பக்கத்தில் குப்புறக் கிடந்தது.

"ரீனா, கீழே போய் கறிவேப்பிலை வாங்கிண்டு வா."

"நேத்துதான வாங்குனோம் மாமி? ஃபிரிட்ஜில கெடக்கே."

"இன்னிக்கும் வேணும்."

ரீனா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். லிஃப்ட் இறங்கும் சத்தம் அடங்கும்வரை சுப்புலக்ஷ்மி பேசவில்லை.

"உக்காரு."

ஹரிதா உட்காரவில்லை.

"பேரை மாத்தினே. ஊரை மாத்தினே. என்னைத் தஞ்சாவூர் டீச்சராக்கினே. அவனை மட்டும் ஏன் அப்படியே விட்டே?"

"அந்த வார்த்தை நன்னா இருந்தது அம்மா." நெஞ்சிலிருந்து வந்த பதில்.

மாமியாரின் வாயோரம் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து, வந்த வேகத்தில் போயிற்று.

"எத்தனை மாசம்னார்?"

"நாலுலேர்ந்து ஆறு."

"சொல்லி எத்தனை ஆச்சு?"

"ரெண்டரை."

சுப்புலக்ஷ்மி கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு ஏதோ எண்ண ஆரம்பித்தார். பாதியில் விட்டுவிட்டார்.

"நீ எழுதறதை எத்தனை பேர் கேக்கறா?"

"அம்மா..."

"கேட்டாச் சொல்லு."

"நாலாயிரத்து இருநூறு."

"நாலாயிரம் பேருக்குத் தெரியும். துபாய்ல தெரியும், சிங்கப்பூர்ல தெரியும். செம்பூர் அம்முக்குத் தெரியும். நானே பதினெட்டுப் பேருக்கு அனுப்பினேன், ஹரிதா. அந்தப் பச்சை பட்டனை அமுக்கி, 'பாவம் இந்த மாமி'ன்னு பேசி, கை கூப்பற பொம்மையும் போட்டு அனுப்பினேன்." குரல் உடைந்தது, உடனே சரி செய்துகொண்டார். "எனக்குத்தான் தெரியலை."

ஹரிதா கட்டிலின் காலடியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். "மன்னிச்சுடுங்கோம்மா. அவர்தான் சொல்ல வேண்டாம்னார்..."

"சொல்லாததுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. அவன் இடத்துல நான் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்." சுப்புலக்ஷ்மி போனைக் கையில் எடுத்தார், திருப்பவில்லை. "கடைசியில ஒண்ணு வரது. லிஃப்ட்ல ஏறச்சே தோணறதுன்னு. அது நீ எழுதினதா, இல்லை அந்த மெஷின் தப்பா வாசிச்சதா? அது தப்பும் தவறுமாத்தான் வாசிக்கறது. நேத்து கஷாயத்தை ஆகாயம்னு வாசிச்சுது."

சுப்புலக்ஷ்மி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். ஆமாம்மா, மெஷின்தான் என்றால் நம்பிவிடுவார். நம்பிய மாதிரியாவது இருந்துவிடுவார். ஹரிதாவின் தொண்டை வரை அந்த வார்த்தை வந்தது. இரண்டரை மாதமாகப் பொய் சொல்லிப் பழகிய வாய்.

"நான் எழுதினதுதான்."

"எப்போ?"

"போன மாசம். அந்த வெள்ளிக்கிழமை. நீங்க பாத்ரூம்ல விழுந்தேளே, மூணு தடவை புடவை மாத்தினோமே..."

"ஞாபகம் இருக்கு. அன்னிக்கு மட்டும்தான் தோணித்தா?"

ஜன்னலுக்குக் கீழே பூக்கடைக்காரன் யாரிடமோ முழம் அளந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"இல்லைம்மா."

சுப்புலக்ஷ்மி தலையை மெதுவாக ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"ஷ்ரவணுக்கு இது ஒண்ணும் தெரிய வேண்டாம். எனக்குத் தெரியாதுன்னு அவன் நெனச்சுண்டிருக்கான் பாரு, அதுலதான் அவன் நடமாடிண்டிருக்கான். அது இருக்கட்டும்."

"சரிம்மா."

"நாளைலேர்ந்து ரீனாவைக் காலம்பற ஏழு மணிக்கே வரச் சொல்லு. குளிப்பாட்டறது, புடவை மாத்தறது எல்லாம் அவ பண்ணட்டும்."

"நான் பண்றேனேம்மா. எனக்குக் கஷ்டம் இல்லை. சத்தியமா..."

"உனக்கில்லைடி, எனக்கு." கோபமே இல்லாமல்தான் சொன்னார், திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ஹரிதாவுக்கு. "நீ உள்ளே வரச்சே எல்லாம் நான் உன் மொகத்தைப் பாத்துண்டே இருப்பேன். இன்னிக்குத் தோணறதா, இன்னிக்குத் தோணறதான்னு. இருக்கற ஒண்ணரை மாசமும் அதே வேலையாப் போயிடும். என்னால முடியாது கோந்தே."

"எழுதறதை நிறுத்திடட்டுமா?"

"அது உன் இஷ்டம். நான் இனி கேக்க மாட்டேன்."

கறிவேப்பிலைக் கட்டோடு ரீனா திரும்பியபோது சுப்புலக்ஷ்மி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

ஏழு மணிக்கு ஷ்ரவண் வந்தான். வரும்போதே வழக்கம்போலச் சத்தமும் சிரிப்பும். "க்யா மா, எப்படி இருக்கே? அந்த டோம்பிவிலி மாமி என்ன ஆனா?"

"எவடா அவ? ஓ, அவளா?" சாய்வு நாற்காலியிலிருந்து சுப்புலக்ஷ்மி சிரித்தார். "போரடிச்சுப் போச்சு. விட்டுட்டேன். நாளைக்குப் பஜன் போட்டுத் தா."

"பாத்தியா! நான் சொன்னேன்ல?" அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அம்மாவின் தலையைத் தடவிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு கூடத்துக் குளியலறைக்குக் குளிக்கப் போனான்.

குழாய்ச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சுப்புலக்ஷ்மி நாற்காலியின் கைகளைப் பிடித்து எழப் பார்த்தார். முடியவில்லை. மூச்சு வாங்கியது. உள் அறைக் குளியலறைக்குப் போக வேண்டும். இந்த நேரத்துக்குத் தினமும் போக வேண்டும். தினமும் செய்கிற மாதிரியே ஹரிதா அடுப்பைத் தணித்துவிட்டு ஓடி வந்து, குனிந்து, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

சுப்புலக்ஷ்மி அந்தக் கைகளைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"இருக்கட்டும். அவன் வரட்டும்."

"அவர் இப்பத்தானே உள்ளே போனார்? பத்து நிமிஷம் ஆகுமேம்மா."

"ஆகட்டும்."

நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு சுப்புலக்ஷ்மி உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது. உள்ளே ஷ்ரவண் ஏதோ இந்திப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு குளித்தான். ஹரிதா ஓரடி தள்ளி, சுவரோரமாக, எந்த நேரமும் பிடித்துக்கொள்ளத் தோதாக நின்றுகொண்டாள். குழாய் நிற்பதாகத் தெரியவில்லை.